போயிட்டு வரேன் என்று சொன்னவன்

ஆடி 11, திங்கள்

விடியலிலிருந்து மழை. தாரணியின் வெள்ளைச் சட்டை இன்னும் காயவில்லை. தோளில் கறுப்புப் பட்டை வைத்த சட்டை. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியிலிருந்து அவள் பையில் வந்தது. நான்தான் துவைத்தேன். பேத்தியின் துணியை அழுக்காக எப்படி வைப்பது? மருமகள் கிரிஜா ஓடி வந்து வாளியைப் பார்த்தாள். "ஐயோ அம்மா, அவ வாசனை அதுலதானே இருந்தது!" அதோடு என்னிடம் பேச்சில்லை. பெற்றவள். பேசாமல் இருக்கட்டும்.

நாத்தனார் கோமதி பால் விடாமல் கட்டன் சாயா போட்டாள். பாகு மாதிரி. "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு அண்ணி ஏரோப்ளேன்?" தாரணி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் "பொண்ணா?" என்று உதட்டைப் பிதுக்கினவள். அந்த உதடு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

மத்தியானம் பள்ளி மேனேஜர் வந்தான். பளபளவென்று ஷூ. ஒரு கூடை ஆரஞ்சு. என் மகன் ராஜன் எழுந்து நின்று கை கட்டிக்கொண்டான். பெண்ணைப் பறிகொடுத்தவன் கை கட்டுகிறான்!

"தாரணி மேல ஒரு தப்பும் இல்ல சார். அவளுக்குக் கத்துக்கொடுத்த கேப்டன் ஜோஜோதான் மேகத்துக்குள்ள கொண்டுபோயிட்டார். மலை இருந்தது தெரியல. ஆபீஸ்ல ஒருத்தரையும் கேக்கல. கேட்டிருந்தா விட்டிருப்போமா?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "விசாரணைக்கு வர்றவங்ககிட்ட நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நாங்க பாத்துக்கறோம். ஜோஜோ வீட்டுப் பக்கமும் போயிடாதீங்க. முரட்டு ஆளுங்க."

கிளம்பும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டான். "போயிட்டு வரேன் பாட்டி."

துக்க வீட்டில்! சொல்லாமல் எழுந்து போக வேண்டிய இடத்தில்! கோமதிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உச்சி எரிந்தது. "வா" என்றேன். "கண்டிப்பா வா."

ஆடி 12, செவ்வாய்

மழை. கரண்ட் இல்லை. அரிசி மாவு தீர்ந்தது. கடுகு, தீப்பெட்டி வாங்க வேண்டும்.

போன செவ்வாய் இந்நேரம் அவள் உயிரோடு. காலையில் போன் செய்தாள். "பாட்டி, எதிர்ல இருக்கற மலையே காணோம். இன்னிக்குப் பறக்கறது இல்ல. நாங்க சாயா குடிச்சிட்டிருக்கோம்." தலையைத் துவட்டு என்றேன். சரி என்றாள். அவ்வளவுதான். சாயா குடித்துக்கொண்டிருந்தவளை ஏற்றியது யார்? அந்த ஜோஜோ. அவன் குலம் விளங்காது. அவனும் செத்தான், சரி. தனியாகப் போயிருக்கலாமே. ஒரு குஞ்சைக் கூட்டிக்கொண்டா போவது?

பெட்டியைத் திறக்க விடவில்லை. முகம் பார்க்காமல் கொள்ளி. அதுவும் அவன் கணக்கில்தான்.

கூடை அப்படியே இருக்கிறது. என் வீட்டுக்காரர் மேல் மிளகு மூட்டை சரிந்து செத்தபோதும் கிடங்கு முதலாளி ஆரஞ்சுதான் கொண்டுவந்தான். "விதி அம்மா" என்றான். அவர் தம்பிகள் என் வாயை அடைத்தார்கள். அன்றிலிருந்து ஆரஞ்சு தொட்டதில்லை.

காயலுக்கு அக்கரையில் வைப்பினுக்குப் போய் ஜோஜோவைப் பெற்றவளை நாலு கேள்வி கேட்கப் போகிறேன் என்றேன். ராஜன் கத்தினான். "கேஸ், கோர்ட்டுன்னு நம்மளால ஓட முடியுமா? வாயைத் திறக்காம, கொஞ்சம் மிண்டாம இரும்மா!" அன்று இவன் சித்தப்பன்மார் சொன்ன அதே சொல். மூக்கும் அவர்கள் மூக்குதான்.

ஆடி 14, வியாழன்

கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வைப்பின் போனேன். ஜங்கார் படகில் ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்றேன். ஒருத்தனும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. அக்கரை தெரியாத மழை. இருந்தும் படகு போனது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: உன் மகன் என் பேத்தியைக் கொன்றுவிட்டான்.

சர்ச்சுக்குப் பின்னால் ஓட்டு வீடு. ஜோஜோவைப் பெற்றவள், பிலோமினா. இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை, விரலெல்லாம் வெந்து கிடக்கிறது. நான் யாரென்று சொன்னேன். எழுந்தாள். எனக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள்.

"நிங்களுடெ பெண்ணு எண்டெ மோனெ கொன்னு!"

பதிலுக்குக் கத்தினேன். சண்டை போட மலையாளம் எனக்கு நன்றாகவே வரும். அவளும் கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"யாரு சொன்னா, என் பேத்தி கொன்னான்னு?"

"மேனேஜர். அவள் பயந்து போய் ஜோஜோ கையைப் பிடிச்சு இழுத்துட்டாளாம். என் மகன் என்ன செய்வான்? உங்க வீட்டுப் பக்கமும் போக வேண்டாம், முரட்டு ஆளுங்கன்னு சொன்னான்."

அப்போதுதான் பார்த்தேன். மேஜை மேல் அதே கூடை. அதே ஆரஞ்சு. ஒன்றைக்கூட எடுக்கவில்லை அவளும்.

உட்கார்ந்தேன். மேனேஜர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அவளும் உட்கார்ந்தாள். தாரணி போன் செய்த அதே காலை ஜோஜோவும் போன் செய்திருக்கிறான். அவள் மலையாளத்தில் சொன்னது, மறக்காமல் இருக்க இங்கே எழுதுகிறேன்: "அம்மச்சி, மலை தெரியல. முடியாதுன்னு சொல்லிட்டேன். மேனேஜர் திரும்பத் திரும்ப போன் பண்ணி விளிக்கறான். போகலைன்னா நாளைலேருந்து வர வேண்டாங்கறான்."

ஆபீஸில் ஒருத்தரையும் கேட்கவில்லையாம்! பொய்யன்!

பிலோமினா என் கையைப் பிடித்தாள். சொரசொரவென்று கை. "அவ பயந்திருப்பாளோ சேச்சி? ஜோஜோ சொல்வான், பயமே இல்லாத பொண்ணு, நல்ல கொச்சுன்னு." தெரியாது என்றேன். ரெண்டு பேரும் அழுதோம். ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வா என்றேன். கிளம்பும்போது நானும் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. முறை தெரிந்தவள்.

ஜோஜோவுக்கு விட்ட சாபத்தைத் திரும்பி வரும்போது காயலில் துப்பினேன்.

ஆடி 15, வெள்ளி

மேனேஜருக்குப் போன். "வரேன்னு சொன்னியே, ஞாயிறு வா." மகிழ்ச்சி பாட்டி என்றான். ஏதோ நல்லபடியாக முடிகிறது என்று நினைப்பு.

ராஜனிடமும் கிரிஜாவிடமும் எல்லாம் சொன்னேன். ராஜன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோறு வேண்டாம் என்றான். கோழை. கிரிஜா மட்டும், "அடுத்த வாரம் விசாரணைக்காரங்க வர்றாங்க. அவன் வாயால சொல்லணும் அம்மா" என்றாள். அம்மா என்றாள். சட்டை அரை ஈரம்.

ஆடி 17, ஞாயிறு

கொட்டுகிறது. தெருவில் எதிர் வீடு தெரியவில்லை.

சர்ச்சில் பூசை முடிந்து பிலோமினா வந்தாள், நனைந்து. கோமதி யார் என்று கேட்டாள். "விருந்தாளி. உன் வேலையைப் பாரு." முன் அறையில் சட்டையைக் கொடியில் போட்டேன். அதற்கு நேர் கீழே ஒரு நாற்காலி. அவன் தந்த ஆரஞ்சுக் கூடை, அழுகினது, நடுவில்.

வந்தான். ஒரு ஷூவைக் கழற்றினான். நிமிர்ந்து பிலோமினாவைப் பார்த்தான். இன்னொரு ஷூ காலிலேயே நின்றுவிட்டது.

"வா" என்றேன். "என்கிட்டச் சொன்னதை இவகிட்டச் சொல்லு. இவகிட்டச் சொன்னதை என்கிட்டச் சொல்லு. எந்த அவசரமும் இல்ல."

கிரிஜா போனை எல்லாருக்கும் தெரியும்படி கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். பதிவு ஓடுகிறது.

அவன் முகம் வெளுத்துவிட்டது. குனிந்து ஷூவைத் தேடினான். "நான்... வேற ஒரு நாள் வரேன் பாட்டி. வண்டி நிக்குது."

அப்போது ராஜன் எழுந்தான். வழி விடப் போகிறான் என்று நினைத்தேன். வாசலுக்குப் போனான். வெளியே எட்டிப் பார்த்தான். கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

"வெளிய ஒண்ணும் தெரியல சார்" என்றான். "இதுல எப்படிப் போவீங்க? உட்காருங்க."