கைப்பிடி அரிசி டப்பா

நவம்பர் 11, செவ்வாய்

காலையில இருந்து தூறல். துணி காயல. காலேஜ் பஸ் லேட். கெமிஸ்ட்ரி டெஸ்ட் சொதப்பல்.

சாயங்காலம் கோயில்ல திடப்படுத்தல் வகுப்பு. வர்ற ஞாயிறு பேராயர் வர்றாக. எங்க பதினோரு பேருக்கும் அன்னைக்குத்தான் முதல் திருவிருந்து, பந்தியில கை நீட்டி அப்பம் வாங்குறது. வெள்ளைச் சேலை ரெடி. ஊக்கு வாங்கணும். சபைய நடத்துற ஐயர் கடைசியா ஒண்ணு சொன்னாக: "யாருகூடயாவது பேச்சு இல்லாம இருந்தீகன்னா சனிக்கிழமைக்குள்ள ஒப்புரவாயிட்டு வாங்க. மனசுல கசப்ப வச்சுக்கிட்டு ஆண்டவர் பந்தியில கை நீட்டக் கூடாது." என்னையே பார்த்த மாதிரி இருந்துச்சு. பார்க்கட்டும்.

எனக்குப் பேச்சு இல்லாத ஆள் என் வீட்டுலயே இருக்கார். தேனி பஜார்ல ஸ்ப்ரேயர், ஹோஸ் பைப் விக்கிற கடைக்காரர். என்னைப் பெத்தவர். "அப்பா"ன்னு கூப்பிட்டு எட்டு மாசம் ஆச்சு. அம்மா போயி எட்டு மாசம்.

மதுரை ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டார், "பிரஷர் மாத்திரையே போடலையா இவங்க?" இவர் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொன்னார், "நாந்தான் சார், கடை வேலையில வாங்கித் தர மறந்துட்டேன்." என் காதால கேட்டேன். மறுநாள் அம்மா இல்ல. மறந்துட்டாராம்! எந்த ஸ்ப்ரேயருக்கு எந்த வாஷர்னு மட்டும் மறக்காது.

அவரோட சுகர் மாத்திரை காலையில பிரிக்காம மேசை மேல கெடந்துச்சு. முன்னாடி அம்மா எடுத்துக் குடுக்கும். நான் குடுக்கல. எனக்கென்ன.

நவம்பர் 12, புதன்

மழை இல்ல. ஊதக்காத்து. இட்லிய மூடி வச்சுட்டு ரூமுக்குப் போயிட்டேன். "ஜெமி, சாப்பிட்டியாத்தா?" அவர் கேட்டது காதுல விழுந்தும் கதவச் சாத்துனேன்.

பெண்கள் ஐக்கியத்து ரூத் அக்கா வாசல்ல வந்து நின்னாக. "ஏத்தா, ஞாயித்துக்கெழம அறுப்பின் பண்டிகையும் சேந்து வருது. உங்க வீட்டுக் கைப்பிடி அரிசி எட்டு மாசமா கோயிலுக்கு வரல. உங்கம்மா கிரேஸ் இருந்தா விட்டுருப்பாளா?"

அம்மா தினம் உலை வைக்கிறப்போ ஆண்டவருக்குன்னு ஒரு கைப்பிடி அரிசிய அந்த டப்பாவுல போடும். மாசாமாசம் கோயில்ல கொண்டு போயிக் கொட்டும். டப்பா இன்னும் அடுப்படி பரண்லதான் இருக்கு. அம்மா வச்ச எடத்துலயே. நான் தொட்டதே இல்ல.

நாளைக்கு இறக்கிக் கழுவணும். முடியுமான்னு தெரியல.

நவம்பர் 13, வியாழன்

காலேஜ் போகல.  எழுத்து கோணலா வருது. வரட்டும்.

டப்பாவச் சொளகுல கவுத்தேன். அரிசி பூரா வண்டு. அடியில அம்மா பேப்பர் வெட்டி விரிச்சிருந்துச்சு. அதையும் உருவுனேன்.

பேப்பருக்குக் கீழ மாத்திரை அட்டை. அம்மாவோட பிரஷர் மாத்திரை. ஒன்பது அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கல.

ரப்பர் பேண்ட் போட்டு ஒரு சீட்டு. அம்மா கையெழுத்து. "மாத்திரை இல்லாமலே ஆண்டவர் சுகம் தந்தார்னு ஈஸ்டருக்குச் சபையில சாட்சி சொல்லும்போது காட்டணும். ஜெமிக்கு முன்னாலயே சொல்லக் கூடாது. சந்தோசப்படுவா."

மூணு தடவ படிச்சேன். நாலாவது தடவதான் மண்டையில ஏறுச்சு.

போன கிறிஸ்துமஸ் லீவு. கொடைக்கானல் வாலிபர் முகாம். மூணு நாள் பாட்டு, ஜெபம், அழுகை. பெரிய ஊழியக்காரி மாதிரி வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில மாத்திரை பிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் சொன்னேன், "ஒரு பக்கம் ஜெபம், ஒரு பக்கம் மாத்திரையா? இதுக்குப் பேரு விசுவாசமாம்மா?" சொல்லிட்டு அதே மூச்சுல தோசை கேட்டேன். அம்மா சிரிச்சுச்சு. ரெண்டு தோசை தின்னேன். சொன்னது அன்னைக்கே மறந்து போச்சு.

ஐயோ.

அவர் வாங்கித்தான் குடுத்திருக்கார். மாசம் மூணு அட்டை, மூணு மாசம்.
டாக்டர்கிட்ட சொன்னது பொய்.
ஏன் பொய் சொல்லணும்?

ஆண்டவரே, நான் நெனைக்கிறது இல்லன்னு சொல்லும்.

நவம்பர் 14, வெள்ளி

சோறு எறங்கல. மெடிக்கல் ஸ்டோர் அண்ணன்கிட்ட போயிக் கேட்டேன். "உங்கப்பாவா? மாசம் பொறந்தா ரெண்டாந்தேதி டான்னு வந்துருவாகளே. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வாங்குவாக. இப்ப அவுகளுக்கு மட்டும். ஏன் பாப்பா?"

ஒண்ணுமில்லண்ணே.

கோயில் முன்னாடி ஐயரைப் பார்த்தேன். ஒளிஞ்சுக்கிட்டேன்.

நவம்பர் 15, சனி

மத்தியானம் கடைக்குப் போனேன். வருசநாட்டுக்காரர் ஒருத்தர் ஸ்ப்ரேயர் வாஷர் கேட்டுக்கிட்டு நின்னார். ஒன்பது அட்டையையும் மேசை மேல வச்சேன்.

அப்பா மொகம் செத்துப் போச்சு. "இத எங்கனத்தா எடுத்த?"

"அரிசி டப்பாவுல. உங்களுக்குத் தெரியுமா?"

"உங்கம்மா ஆம்புலன்ஸ்ல சொன்னா. வாய் கோணிப் போயிப் பாதிதான் புரிஞ்சுச்சு. 'ஜெமிகிட்டச் சொல்லிராதீக.' அத மட்டும் தெளிவாச் சொன்னா."

"அதுக்காக மறந்துட்டேன்னு பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிட்டீகளா? எட்டு மாசம் உங்கள மனுசனாவே மதிக்கலையேப்பா!"

வாயில "அப்பா" வந்தது அப்புறந்தான் எனக்கே தெரிஞ்சுச்சு.

"பரீச்ச எழுதுற புள்ள. இது தெரிஞ்சா நீ என்ன பண்ணிக்கிருவியோன்னு ஈரக்கொல நடுங்கிருச்சு. என்னைய வெறுத்துக்கிட்டாவது உசுரோட கெடன்னு விட்டுட்டேன்."

"நாந்தான்ப்பா அம்மாவக் கொன்னுட்டேன்."

"ஏய்! அந்த வார்த்த வேணாம். நீ வாய்த்துடுக்குல சொன்ன. அவ உன்மேல உள்ள பாசத்துல நம்புனா." அட்டைய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாக. "டாக்டர்கிட்டச் சொன்னது பாதி நெசந்தான்த்தா. வாங்கியாந்து மேசையில போட்டேன். ஒரு நாளாச்சும் முழுங்குனாளான்னு பாத்தேனா? நீயும் என்னைய மன்னிக்கணும்."

கடையில தரையிலயே உக்காந்து ஓன்னு அழுதேன். அப்பாவும். வருசநாட்டுக்காரர் வாஷரை வச்சுட்டு, வெளிய போயி ஷட்டரப் பாதி இறக்கிவிட்டார். யாரோ "கடை இல்லையா?"ன்னு கேட்டாக. "அரைமணி ஆகும், அங்கிட்டுப் போங்க"ன்னு அதட்டுனார்.

மன்னிக்க வேண்டியவ நான்னு நெனச்சிருந்தேன். மன்னிப்பக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். நெஞ்சு இன்னும் ஆறல.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். வாசல்ல ஐயர் மெதுவாக் கேட்டாக, "ஆச்சாம்மா?" தலைய ஆட்டுனேன். 

கழுவுன டப்பாவுல புது அரிசி போட்டு அப்பாதான் தூக்கிட்டு வந்தாக. ரூத் அக்கா டப்பாவத் தொட்டுப் பார்த்துட்டு மூக்கச் சிந்துனாக. சீட்டப் பத்தி அவுககிட்டச் சொல்லல. என்னைக்காச்சும் நானே சபையில சொல்லணும். அம்மா சொல்ல இருந்த சாட்சிய இல்ல, என்னோடத.

பரமண்டல ஜெபத்துல மன்னிக்கிற எடம் வந்தப்போ நான் நிறுத்திட்டேன். அப்பா எனக்கும் சேத்துச் சத்தமாச் சொன்னாக. பந்தியில கை நீட்டுனேன்.  அப்பம் குடுத்தாக.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒண்ணு. ரோடு பூரா மாலை போட்ட சாமிக வண்டி. பஸ் இன்னைக்கும் லேட்டுதான். லேப் கோட் துவைக்கல.

உலை வைக்கிறப்போ ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவுல போட்டேன்.

அப்பா கடைச்சாவிய எடுத்துட்டுக் கிளம்புனாக. சுகர் மாத்திரையும் தண்ணியும் நீட்டுனேன்.

"வச்சுட்டுப் போத்தா. போட்டுக்கிறேன்."

"இல்ல. இப்ப. என் கண்ணு முன்னாடி."

போட்டாக. தண்ணி குடிச்சாக.

"வாயத் தொறங்கப்பா."

என்னைய ஒரு பார்வை பார்த்துட்டுத் தொறந்தாக. நாக்கத் தூக்கச் சொல்லி அடியிலயும் பார்த்தேன்.

முழுங்கிட்டாக.