அரைமணிக்கு ஒருதரம் எழுந்து போனவனுக்கு

இன்று காலை மேனேஜர் கம்ப்யூட்டர் அறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். பசை இன்னும் காயவில்லை. அதன் புளித்த வாடை அறைக்குள் நிற்கிறது. அரைமணிக்கு ஒருமுறை எல்லோரும் திரையை விட்டு எழுந்து வெளியே போய்வர வேண்டுமாம். கண் டாக்டர் சொன்னாராம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப் போன பிறகும் நீதான் ஜெயிக்கிறாய்.

பந்தல்குடி ரோட்டில் இருக்கும் இந்த மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நம் இருவரையும்தான் அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். நான் பி.காம். முதல் வகுப்பு. நீ இரண்டாம் தடவையில் தேறியவன். நான் சங்கு ஊதியதும் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். நீ அரைமணிக்கு ஒருதரம் மெஷினுக்கு உறையை மாட்டிவிட்டு, வாசலில் கழற்றிய செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போய்விடுவாய். அங்கே வாட்ச்மேன் மாரிச்சாமியோடு, தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும் லாரிகளில் என்ன லோடு என்று பந்தயம்.

"உப்பு லோடு, மாரி."

"எங்க சார், தார்ப்பாய் உப்பியிருக்கு பாருங்க. பஞ்சு."

நீங்கள் இருவரும் சிரிப்பது ஏசி சத்தத்தையும் மீறிக் கேட்கும். திரும்பி வந்து என் நாற்காலியை உலுக்குவாய். "ஏலே, எந்திரிலே. ஏசி மெஷினுக்குத்தான் போட்டிருக்காக, ஒனக்கில்ல. வந்து கண்ணுக்குக் கொஞ்சம் தூரத்தக் காட்டு."

நான் திரும்பமாட்டேன். கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளரைப் போடப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. இடத்தை விட்டு அசையாதவனுக்குத்தான் அது கிடைக்கும் என்று நம்பினேன்.

முதலாளியின் கார் சொல்லாமல் வந்த அன்று நீ கேட்டில் நின்றாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொலைந்தாய் என்று உள்ளுக்குள் குளிர்ந்தது. நடந்ததை மாரிச்சாமி பிறகு சொன்னான்.

"வேலை நேரத்துல இங்க என்னய்யா?"

"கண்ணக் கழுவிக்கிட்டு இருக்கேன் முதலாளி. தூரத்தப் பாத்துட்டுப் போனா கணக்குல தப்பு விழாது."

முதலாளி காரை விட்டு இறங்கி, தானும் ஒரு லாரிக்குப் பந்தயம் கட்டித் தோற்றாராம். சாயங்காலம் நாம் இருவரும் அடித்த கணக்குத் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். உன்னுடையது சுத்தமாக இருக்கிறது என்றார். சுத்தம் என்ன சுத்தம். குறைவாக அடிப்பவனுக்குப் பிழையும் குறைவாகத்தானே இருக்கும்? பொறுப்பு உனக்குப் போனது. உள்ளேயே உட்கார்ந்திருந்தவன் யார் கண்ணிலும் படவில்லை.

அதற்குப் பிறகும் நீ நாற்காலியை உலுக்குவதை விடவில்லை. அதிகாரி ஆகிவிட்ட மிதப்பு என்று நினைத்தேன். நீ சொல்கிறாய் என்பதற்காகவே எழுந்திருக்காமல் இருந்தேன். என் கண்ணாடி தடித்தது, கழுத்து மரத்துப்போனது. நீயோ கடைசிவரை கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்தாய்.

"அவுக வேல முடிஞ்சு வந்து பிள்ளைகளோட பந்து ஆடுறாக. நீங்க வந்ததும் கண்ண மூடிக்கிட்டுச் சாஞ்சிருறீக" என்றாள் என் மனைவி. ஊர் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். நீ என் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டாய்.

மஞ்சள் காமாலை உன்னைச் சட்டென்று கொண்டுபோனது. கல்லறைத் தோட்டத்தில் மாரிச்சாமி கேவிக் கேவி அழுதான். மில் வாசல் டீக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். என் சாவுக்கு இதில் யார் யார் வருவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நான்தான் பொறுப்பாளர். நீ போனதால் காலியான இடம். அதையும் உன் கையிலிருந்துதான் வாங்கவேண்டியிருந்தது.

சற்று முன் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களும் எழுந்தார்கள். "சார், நீங்க வரலையா?"

"போங்கம்மா, வாரேன்."

மரியாதையாகப் போய்விட்டார்கள். பொறுப்பாளரின் நாற்காலியை யார் உலுக்குவார்கள்? உன் மேல் உள்ள எரிச்சல் மட்டும் இன்னும் சூடாக என்னிடம் இருக்கிறது. அதை இறக்கி வைக்க எனக்கு மனமில்லை. வைத்துவிட்டால் உன்னிடமிருந்து எனக்கென்று வேறு என்ன மிஞ்சும்?

இதை எழுதி முடித்ததும் எழுந்து வெளியே போவேன். மேனேஜர் சொல்லியிருக்கிறார், அதனால் போகிறேன். நீ சொன்னதற்காக இல்லை.