அக்காவுக்கு ஒரு கர்சர்

மார்ச் 3, செவ்வாய்

திரையில் கர்சர் அம்பு நடுங்குவது இன்று நின்றது. சின்ன கம்ப்யூட்டர் போர்டு, பழைய மானிட்டர், ஒரு மவுஸ் - மூன்றும் ஒருவழியாகச் சமாதானத்துக்கு வந்துவிட்டன. அம்பு நகரும்போது அடியிலிருக்கும் படத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அம்பு போனதும் திரும்பப் போட வேண்டும். நான் அந்த வரிசையை மாற்றி எழுதித் தொலைத்திருந்தேன். அதற்குத்தான் இத்தனை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது.

கொண்டாட நேரமில்லை. கூடத்திலிருந்து அக்காவின் குரல்.

"எனக்கு மட்டும் ஏண்டி பாதித் தட்டு சாப்பாடு? மிச்சத்தை யாருக்கு ஒளிச்சு வச்சிருக்க?"

போய்ப் பார்த்தேன். தட்டின் வலது பாதி சுத்தமாகக் காலி. இடது பாதியில் போட்டது போட்டபடி இருக்கிறது. தட்டைத் திருப்பி வைத்தேன்.

"ம், இப்பதான் வழிக்கு வந்த" என்று மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

மார்ச் 5, வியாழன்

அண்ணன் வந்தான். அக்காவின் இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காப்பி குடித்து, என்னிடம் அரை மணி நேரம் பேசினான். அவன் அடுக்களைக்கு எழுந்து வந்த பிறகு அக்கா உள்ளே பார்த்துக் கத்தினாள். "அண்ணன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான் பாத்தியா? பெரிய மனுஷன் ஆயிட்டான்!" அண்ணன் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஜனவரியில் அவளுக்கு மூளையின் வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்தது. இடது கை விழுந்துவிட்டது. இடது காலை இழுத்து நடக்கிறாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார் டாக்டர். உலகத்துக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவள் மூளை மறந்துவிட்டதாம். கதவு நிலையில் இடித்து இடித்து இடது தோள் கன்றிக் கிடக்கிறது. போன வாரம் நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வலது அடுப்பை அணைத்துவிட்டு, இடது அடுப்பை எரியவிட்டு வந்துவிட்டாள். பக்கத்தில் கிடந்த பிடிதுணி பற்றிக்கொண்டது. நான் கீழே வராமல் இருந்திருந்தால்? அதை எழுத வேண்டாம்.

"பாப்பா, ஏப்ரலோட உன் லீவு முடியுது. அப்புறம் பகல் முழுக்க அவளை யார் பார்த்துக்கிறது? நல்ல பராமரிப்பு இல்லம் ஒண்ணு விசாரிச்சு வச்சிருக்கேன்" என்றான்.

அவளை அங்கே அனுப்பினால் பட்டுப்போவாள் என்றேன். அவன் சண்டை போடவில்லை. "சரி. அதுக்குள்ள அவளா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும். இல்லன்னா நான் சொல்றதை நீ கேட்கணும்" என்றான்.

ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு தாளை நீட்டினாள். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள், எல்லாவற்றையும் பேனாவால் குறுக்கே அடிக்க வேண்டும். அக்கா வலது பாதியை மட்டும் அடித்துவிட்டுப் பேனாவை வீசி வைத்தாள். "இதெல்லாம் ஒரு பரீட்சையா?"

"எப்பவும் அவங்க இடப்பக்கமே உக்காருங்க. அங்கேருந்தே பேசுங்க. திரையில ஏதாவது தேட வைக்கலாம், அதுவும் உதவும்" என்றாள் அந்தப் பெண்.

திரை! லிஃப்ட் போர்டுகளைப் பழுது பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன், வீட்டுக்கு வந்தும் போர்டோடுதான் குடித்தனம். அக்கா அதற்கு வைத்த பெயர் பொம்மைப் பெட்டி. அது இன்றைக்கு ஒரு காரியத்துக்கு ஆகப்போகிறது.

பந்துகள் வரையலாம். அக்கா பள்ளிக்கூடத்தில் கைப்பந்து சொல்லிக்கொடுத்தவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் விசில். இடது கைக்காரி. அந்தக் கை வலைக்கு மேலே எழும்பினால் எதிர்ப்பக்கம் இரண்டு பேர் முன்கூட்டியே விலகிவிடுவார்கள்.

இன்று துண்டால் அந்தக் கையைத் துடைத்தபோது சொன்னாள். "யாரோ கையை இங்க விட்டுட்டுப் போயிருக்காங்க. வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

துண்டைப் பிழிந்து, விரல் விரலாகத் துடைத்து முடித்தேன்.

மார்ச் 12, வியாழன்

விளையாட்டு தயார். பச்சைத் திரையில் வெள்ளைப் பந்துகள். அம்பால் தொட்டு அழுத்தினால் பந்து மறையும். தவறினால் அழுத்திய இடத்தில் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி விழும்.

அக்கா அழுத்தியதில் ஒரு பந்துகூட மறையவில்லை. குறிகள் எல்லாம் பந்துக்கு இடப்பக்கம், சற்று மேலே விழுகின்றன. ஒவ்வொரு முறையும் அதே அளவு தள்ளி.

"உன் பொட்டி பொய் சொல்லுது" என்றாள் அக்கா.

பெட்டிதான் பொய் சொல்லியிருக்கும். அம்பு பதினாறுக்குப் பதினாறு சின்னக் கட்டங்களில் வரைந்த படம். அதில் எந்தப் புள்ளி தொட்டால் தொட்டதாகக் கணக்கு என்று போர்டுக்குச் சொல்லி வைக்க வேண்டும், அதற்குப் பெயர் ஹாட்ஸ்பாட். அதைத் தப்பான கட்டத்தில் வைத்திருப்பேன்.

மார்ச் 14, சனி

ஹாட்ஸ்பாட் சரியாகத்தான் இருக்கிறது. நான் அழுத்தினால் பந்து மறைகிறது.

மார்ச் 16, திங்கள்

மவுஸை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். நிரலை வரிவரியாகப் படித்தேன். அக்கா கையில் கொடுத்தால் அதே அளவு தள்ளி, அதே இடத்தில்.

மார்ச் 17, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். போர்டை நான் திட்டியதெல்லாம் வீண்.

ஏதோ தோன்றி, "அக்கா, திரையில நகருதே, அதைக் கொஞ்சம் வரைஞ்சு காட்டு" என்றேன். வலது கையால் கோணல்மாணலாக வரைந்தாள். சாய்ந்த ஒரு குச்சி. அவ்வளவுதான். அம்பின் வால் மட்டும்.

எந்தக் கம்ப்யூட்டரிலும் அம்பின் முனை இடப்பக்கம் மேலேதான் பார்க்கும். இத்தனை வருஷம் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. அந்த முனை அவளுக்கு இல்லவே இல்லை. தன்னிடம் இருக்கிற வாலை ஒழுங்காகக் கொண்டுபோய்ப் பந்தின் மேல் வைத்திருக்கிறாள். அவள் குறி தப்பவே இல்லை.

இவ்வளவு சின்னப் படத்துக்கும் ஒரு இடப்பக்கம் உண்டு. அங்கேயும் அவளுக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 18, புதன்

அம்பைத் திருப்பி வரைந்தேன். முனை இப்போது வலப்பக்கம், ஹாட்ஸ்பாட்டும் அங்கே. அக்கா டப் டப்பென்று பந்துகளை அழித்தாள். நான் பைத்தியம்போல் கை தட்டினேன்.

"முடிஞ்சுது. எல்லாத்தையும் அடிச்சாச்சு" என்று சாய்ந்து உட்கார்ந்தாள்.

திரையின் இடது பாதி முழுக்கப் பந்துகள் அப்படியே இருந்தன.

மார்ச் 23, திங்கள்

பயிற்சிப் பெண்ணிடம் திருப்பிய அம்பைப் பெருமையாகக் காட்டினேன். பார்த்தாள், பாராட்டினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இது அவங்களுக்கு வசதி. எல்லாத்தையும் நீங்களே வலப்பக்கம் கொண்டுவந்து கொடுத்துட்டா அவங்க எதுக்குத் திரும்பணும்?"

சுருக்கென்றது. அவள் போன பிறகு அக்காவுக்குத் தட்டு வைத்தேன். பாதி முடிந்ததும் என் கை தானாகத் தட்டைத் திருப்பப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். அக்கா பசியோடு எழுந்து போனாள். நான் அடுக்களையில் நின்று அழுதேன்.

மார்ச் 27, வெள்ளி

சிவப்பு அம்பு, பெரிய அம்பு, மினுக்குகிற அம்பு எல்லாம் வரைந்தாயிற்று. இன்று ஒரு கொசு. இந்த வீட்டில் அக்கா கையால் சாகாத கொசு கிடையாது. திரையில் தானாகப் பறந்து மெல்ல மெல்ல இடப்பக்கம் போகும்படி செய்தேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தினாள். நடுத்திரை தாண்டியதும் விட்டுவிட்டாள்.

"எங்க போச்சு?" என்றேன்.

"செத்திருக்கும், விடு."

அவள் இடப்பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன். பதில் சொன்னது எதிர்ச் சுவரைப் பார்த்து. எத்தனை நாளாக நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாள்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

அண்ணன் போன். இல்லத்தில் ஒரு இடம் காலியாகிறதாம். மாதக் கடைசி வரை பிடித்து வைப்பார்களாம்.

ஏப்ரல் 6, திங்கள்

அக்காவுக்கு நகம் வெட்டினேன். இடது கை என் மடியில் கனமாகக் கிடந்தது. சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. ஒரு ஆட்டத்தில் பந்து பட்டு உடைந்து, கட்டுப் போடச் சொன்னவர்களைத் திட்டிவிட்டு ஆட்டத்தை முடித்தாள், அதன் வளைவு. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாருக்கோ நகம் வெட்டுகிற மாதிரி.

அம்பு பாதியாக இருந்தால் யாருக்கும் உறுத்தாது, குச்சி என்று விட்டுவிடலாம். கை பாதியாக இருக்க முடியுமா?

ஏப்ரல் 8, புதன்

வரைந்து முடித்தேன். இடது கை, புறங்கை தெரியும்படி. கட்டைவிரல் வலப்பக்கம், ஆள்காட்டி விரல் நீட்டியபடி, அதன் நுனியில் ஹாட்ஸ்பாட். சுண்டுவிரல் இடது ஓரம். ஒரு விரலுக்கு இரண்டு கட்டம்தான் கிடைத்தது. சுண்டுவிரலை வளைக்க இடம் போதவில்லை, நேராக விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கை திரையில் வந்தது. அக்கா முறைத்தாள். "கையா இது?"

"ஆமா."

"கட்டைவிரல். ஆள்காட்டி." மவுஸை விட்டுவிட்டு விரலை நீட்டி எண்ணினாள். "மிச்சம் எங்கடி? இப்படியா அரைகுறையா வரைவ?"

"அஞ்சும் இருக்கு. தேடு."

கோபம் வந்துவிட்டது. பிள்ளைகள் பந்தைத் தவறவிட்டால் வருகிற அதே கோபம். கழுத்தை நீட்டினாள். தலை கொஞ்சம் திரும்பியது. "நடுவிரல்." இன்னும் கொஞ்சம். "மோதிர விரல்." தலை முழுக்க இடப்பக்கம் வந்துவிட்டது.

"சுண்டுவிரல் தப்பு. நேரா இருக்கு. என்னோடது வெளிய வளைஞ்சு -"

நிறுத்திவிட்டாள்.

குனிந்தாள். இடப்பக்கம், மடியில். வலது கையால் அந்தக் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுண்டுவிரலைத் தடவினாள். கையை விட்டாள். தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி விட்டாள்.

"இது அசைய மாட்டேங்குதே" என்றாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

"எப்பேருந்து?"

"ஜனவரியிலேருந்து."

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

தினம் சொன்னோம். டாக்டர் சொன்னார், அண்ணன் சொன்னான், நான் சொல்லாத நாளே இல்லை. காதில் விழுந்தும் ஏறவில்லை. இன்று ஏறிவிட்டது. சாப்பிடவில்லை. அழுகிறாள். அக்கா அழுது நான் பார்த்ததே இல்ல. அம்மா செத்தப்பகூட எங்களை அதட்டிக்கிட்டுதான் நின்னா.

நான் என்ன பண்ணித் தொலைச்சேன்? தெரியாம நிம்மதியா இருந்தாளே. அவளைத் தட்டி எழுப்பி, போனதைக் காட்டி... பாதித் தட்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டே இருந்திருக்கக் கூடாதா?

ஏப்ரல் 13, திங்கள்

கையைத் துண்டால் மூடி வைத்திருக்கிறாள். திரையிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பழைய அம்பைப் போட்டேன்.

ஏப்ரல் 15, புதன்

"கை எங்கடி?"

பெட்டிக்கு முன்னால் அவளாக வந்து உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துட்டேன்க்கா."

"யாரைக் கேட்டு எடுத்த? போடு. அந்தச் சுண்டுவிரலையும் ஒழுங்கா வரை."

இடப்பக்கம் மூன்று கட்டம் கூட்டி, சுண்டுவிரலை வளைத்தேன். கை அச்சு அசலாக அவள் கை. விளையாடிப் பார்த்தாள், உடனே நிமிர்ந்தாள்.

"பந்துக்கு இடப்பக்கமா போய் விழுதுடி குறி!"

படத்தை அகலமாக்கியவள் ஹாட்ஸ்பாட்டை நகர்த்த மறந்துவிட்டேன். இந்த முறை தப்பு நிஜமாகவே என்னுடையது. ஆனால் அந்தக் குறிகளை அவள் பார்த்தாள். இடப்பக்கம் என்று அவள் வாயால் சொன்னாள். ஜனவரிக்குப் பிறகு அந்தச் சொல்லை இப்போதுதான் கேட்கிறேன். நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "சிலை மாதிரி இருக்காம சரி பண்ணு" என்று அதட்டினாள்.

ஏப்ரல் 20, திங்கள்

இப்போதெல்லாம் பந்து தீர்ந்ததும், "இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தலையைத் திருப்புகிறாள். சில நேரம் கேட்க மறந்துவிடுகிறாள். கோடு அடிக்கும் தாளில் இடது ஓரத்து வரிசை மட்டும் மிச்சம்.

மதியம் மடியைப் பார்த்தபடி சொன்னாள். "இதை வச்சுதாண்டி நான் இத்தனை வருஷம் பொழைச்சேன்."

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எந்தக் கையை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 29, புதன்

அண்ணன் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஆயிற்று. அக்கா மெல்லத் திரும்பினாள். "எப்ப வந்த? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவன் அழுதுகொண்டே சிரித்தான். போகும்போது வாசலில் நின்று, "ஒரு வாரம் பார்ப்போம் பாப்பா" என்றான். அந்த இடம் வேண்டாம் என்று இல்லத்துக்கு அவன் இன்னும் போன் செய்யவில்லை.

மே 4, திங்கள்

லீவு முடிந்து, அக்காவை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு போர்டையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, கண்ணெல்லாம் போன் மேல். அது அடிக்கவில்லை. அடிக்காததுதான் பயமாக இருந்தது. சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்து கதவைத் திறந்தேன்.

புகை நாற்றம் இல்லை. அக்கா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடது தோளில் புதிதாக ஒரு சிராய்ப்பு. "இந்த வீட்டுக் கதவு இன்னும் நகர மாட்டேங்குது" என்றாள். மேசைமேல் வலது கையும் இடது கையும் பக்கம் பக்கமாக இருந்தன.

அடுக்களைக்குள் போனேன். காப்பிப் பாத்திரம் இடது அடுப்பின் மேல் இருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. கேஸ் திருகைத் தொட்டுப் பார்த்தேன், இறுக மூடியிருந்தது. பிடிதுணி தள்ளி, சுவர் ஆணியில் தொங்கியது.

"வலது அடுப்பு சும்மாதானே இருக்கு, எதுக்குக்கா அதுல வச்ச?" என்று கேட்டேன்.

"அந்த அடுப்பு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் கூடத்திலிருந்து. "ஊத்திக்கிட்டு வந்து உக்காரு. ஆறிடப்போவுது."

எடுத்துக்கொண்டு போய் அவள் இடப்பக்கம் உட்கார்ந்தேன்.