என் சம்மதத்தை யார் கேட்டது

12 மார்ச் 1999, வெள்ளி

இன்றும் கஞ்சி. இன்றும் பொழுதுபடுவதற்கு முன்பே கதவைப் பூட்டிவிட்டார்கள். இருபத்தாறு வயதில் முதியோர் இல்லத்தில் இருக்கிறேன் என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கே அது உறைக்கிறது. இந்த மண்டபத்தில் என்னை விட்டால் இளையவவுக்கே எழுபது இருக்கும்.

எங்கள் அளம்பில் கரையில் செல் விழுந்து வெடித்த நாளிலிருந்து எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டா. அண்ணன் மத்தேயுவும் அவன் மனைவி புனிதமலரும் ஒரு வருடம் பார்த்தார்கள். பிறகு ஒரு நாள் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, சோளகக் காற்று முடியுமட்டும் இரு, வந்து கூட்டிப்போகிறேன் என்று இங்கே இறக்கிவிட்டான். சோளகம் முடிந்தது. வாடைக் காற்றும் முடிந்தது. ஆளைக் காணவில்லை.

புனிதமலருக்கு முதுகு நோ என்று சொன்னார்கள். இருக்கட்டும். எனக்கு முதுகே இல்லை.

19 மார்ச்

பக்கத்துக் கட்டில் பேச்சியம்மா நாள் முழுக்க முணுமுணுக்கிறா. கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவ. பாவம்தான். ஆனாலும் வாயை மூடச் சொன்னேன். மூடவில்லை.

3 ஏப்ரல், சனி

பேன் பரவிவிட்டது என்று எல்லாப் பெண்களுக்கும் தலைமயிரை வெட்டினார்கள். எனக்குப் பேன் இல்லை, பாருங்கோ என்றேன். பொறுப்பாளர் செல்வநாயகம் வாசலில் நின்றபடி, ஆளுக்கொரு சட்டம் வைக்க முடியாது என்றார். இரண்டு பேர் என் தோளைப் பிடித்தார்கள். கத்தினன். ஒருத்தியின்ர கையைக் கடிச்சும் போட்டன். என்ன பிரயோசனம்? எல்லாம் போச்சு. கழுத்து காத்துப் பட்டுக் குளிருது.

நாளைக்கு உயிர்த்த ஞாயிறு. ஆர் உயிர்த்து எனக்கென்ன.

21 ஏப்ரல்

ஏதோ ஒரு புனர்வாழ்வுச் சங்கத்திலிருந்து சிவலட்சுமி என்று ஒருவர் சைக்கிளில் வந்தா. என்னைப் போல வலது குறைந்த இளம் ஆட்கள் முதியோர் இல்லங்களில் இருக்கிறார்களா என்று தேடுகிறாவாம். தேடிப் பிடித்துப் படம் எடுக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். கோபிக்கவில்லை. உமக்கு என்ன விருப்பம் என்று கேட்டா.

"வெளியில போறது. ஏலுமெண்டாச் செய்யுங்கோ. ஏலாட்டி இனி வராதேங்கோ."

தலையாட்டிவிட்டுப் போனா. இனி வரமாட்டா.

4 மே

வந்தா. இரண்டு இடத்தில் வீடு கேட்டிருக்கிறா. ஒருவர், அந்தப் பிள்ளை விழுந்து செத்துக் கிடந்தால் தன் வளவுக்குத்தான் கெட்ட பெயர் என்றாராம். மற்றவர் கேற்றைத் திறக்கவே இல்லையாம். ஏன் இதையெல்லாம் எனக்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். மறைத்தால் நல்லதோ என்று திருப்பிக் கேட்டா.

நல்லதில்லைத்தான். அதற்காக இந்த மனுசியைப் பிடித்துவிட்டது என்று இல்லை.

26 மே

இன்றைக்குச் சிவலட்சுமியோடு ஒரு பெண் ஊன்றுகோலில் வந்தாள். கிருசாந்தினி. கண்ணிவெடியில் ஒரு கால் தொடையோடு போனவள். விசுவமடுவில் தாய் தகப்பன் விட்டுப்போன மண்வீடு அவளுடையது. தனியே இருக்கக் கூடாது, நீயும் இந்த இல்லத்துக்கே போ என்று சித்தப்பா நெருக்குகிறாராம். அதற்குள் தன்னோடு இருக்க ஒரு ஆள் தேடுகிறாள்.

வந்ததும் என் வெட்டின தலையைப் பார்த்து, பேனோ என்று கேட்டாள். உனக்குச் சமைக்கத் தெரியுமோ என்று கேட்டாள். கழிப்பறைக்கு உன்னை ஆர் தூக்குவது என்றும் கேட்டாள், மண்டபம் முழுக்கக் கேட்க. பக்கத்து வளவு அனோஜா காலையும் மாலையும் வந்து உதவச் சம்மதித்திருக்கிறாள், சங்கம் அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் என்றா சிவலட்சுமி.

இந்த வாய்க்காரியோடு எப்படி இருப்பது? ஆனால் இங்கே எப்படி இருப்பது?

9 ஜூன்

அண்ணனின் சம்மதம் இல்லாமல் விடமாட்டாராம் செல்வநாயகம். ஒப்படைத்தவர் அவர், பொறுப்பு எங்களுடையது, நாளைக்கு ஏதும் நடந்தால் யார் பதில் சொல்வது என்கிறார். இருபத்தாறு வயதுப் பெண் தானே பதில் சொல்லுவா என்று சிவலட்சுமி வாதாடினா. அவர் அசையவில்லை. அளம்பிலுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். மத்தேயுவின் பதில் ஒரு சொல்தான். ஏலாது.

10 ஜூன்

சாப்பாட்டைத் திருப்பி அனுப்பினேன்.

11 ஜூன்

இன்றும். செல்வநாயகம் வந்து, பட்டினி கிடந்து சாவது தேவதோஷம் என்று போதித்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

12 ஜூன்

தண்ணீர் மட்டும். எழுத்துக் கோணுகிறது. பேச்சியம்மா கட்டிலை விட்டு மெல்ல எழும்பி வந்து பக்கத்தில் இருந்தா. சாப்பிடச் சொல்லப்போகிறா என்று நினைத்தேன்.

"நீ போயிரு தாயி. கெழவிக எங்களுக்கே இது சரியில்லாத எடம்."

வாயை மூடச் சொன்னனே இந்த மனுசியை.

14 ஜூன், திங்கள்

நான் செத்துவிடுவேன் என்று பயந்து செல்வநாயகமே மத்தேயுவைக் கூப்பிட்டிருக்கிறார். கறுத்து மெலிந்து, கையில் ஒரு பை தோடம்பழத்தோடு வந்தான். சிவலட்சுமியும் இருந்தா. சனம் தன்னைக் காறித் துப்பும், தங்கச்சியைத் தெருவில் விட்டான் என்று சொல்லும் என்று தொடங்கினான்.

"இஞ்ச விடேக்க சனம் ஒண்டும் சொல்லேல்லையோ?"

இங்கே பாதுகாப்பு, சாப்பாடு, எல்லாம் இருக்கிறது என்றான். பிறகு செல்வநாயகம் மறுபடி சம்மதக் கதையை எடுத்தார்.

"என்னை இஞ்ச கொண்டு வரேக்க என்ர சம்மதத்தை ஆர் கேட்டது? தலைமயிரை வெட்டேக்க ஆர் கேட்டது?"

மத்தேயு பையைத் தரையில் போட்டான்.

"போ. எங்கையெண்டாலும் போய்த் துலை. ஆனா இனி என்ர வீட்டு வாசல் மிதியாதை."

"மிதிக்கிறதுக்குக் கால் வேலை செய்யோணுமே அண்ணா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பசியில் வந்த சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. பேச்சியம்மாவும் பொக்கை வாயால் சிரித்தா. அவன் முகம் போன போக்கு! திரும்பிப் பார்க்காமல் போனான்.

சிவலட்சுமி ஆறுதலாகச் செல்வநாயகத்திடம் சொன்னா: "போ எண்டு சொல்லிப்போட்டார். எல்லாருக்கும் கேட்டது. உங்களுக்கும் கேட்டதுதானே?"

ஒரு தோடம்பழம் சாப்பிட்டேன். புளி.

20 ஜூன், விசுவமடு

வந்துவிட்டேன். கிருசாந்தினி வாசலில் மண்ணை அணைத்துச் சரிவு போட்டு வைத்திருக்கிறாள், சங்கம் தந்த சில்லுக்கதிரை ஏறுவதற்கு. சரியாகப் போடவில்லை. சொன்னேன். நீ வந்து போட்டிருக்கலாமே என்றாள்.

18 ஜூலை

குளத்து மீன்பிடிகாரர் கிழிந்த வலைகளைக் கொண்டுவந்து தருகிறார்கள். இருந்த இடத்திலேயே பொத்திக் கொடுக்கிறேன். கிருசாந்தினியோடு ஒரு நாள் சண்டை இல்லாமல் போகவில்லை. இன்று உப்பு.

29 ஆகஸ்ட்

விழுந்துவிட்டேன். கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறும்போது. அனோஜா கோயிலுக்குப் போயிருந்தாள். கிருசாந்தினியால் தூக்க முடியாது. நிலத்தில் கிடந்தபடி செல்வநாயகத்தின் முகம்தான் ஞாபகம் வந்தது, நான் சொல்லேல்லையோ என்கிற மாதிரி. அவள் ஊன்றுகோலை எறிந்துவிட்டு எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். சில்லுக்குக் கட்டை வைக்க மறந்தவள் நீதான் என்று ஏசத் தொடங்கினாள். அனோஜா வந்து சேரும்வரைக்கும் ஏசினாள். நானும் விடவில்லை.

முழங்கை வீக்கம். அவ்வளவுதான்.

17 அக்டோபர், ஞாயிறு

மழை. வாசல் சரிவு சேறாகிக் கிடந்தது. வெளியில் காயப்போட்ட வலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏறும்போது சில்லு புதைந்துவிட்டது. உன்னிக்கொண்டு இருக்கிறேன், கேற்றடியில் மத்தேயு.

எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. என்னைக் கண்டதும் ஓடி வந்தான், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. கிட்ட வந்ததும் நின்றுவிட்டான். கை அப்படியே நீட்டினபடி.

"தூக்கட்டோ?"

"வேண்டாம்."

கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நனைந்துகொண்டு நின்றான். நான் பின்னுக்கு விட்டு, ஒரு பக்கம் திருப்பி, ஒருவாறு ஏறினேன். நல்லாய்க் களைத்துப்போனேன். காட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே வந்து நிலத்தில் இருந்தான். புனிதமலருக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறதாம். கடலில் மீன் இல்லையாம். என் தலைமயிர் வளர்ந்துவிட்டது என்றான். ஓம் என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது. மழை விட்டதும் எழும்பிப் போனான்.

அவன் போன பிறகு குசினியிலிருந்து கிருசாந்தினி கேட்டாள், அவ்வளவு தூரம் வந்த மனிசனுக்குத் தேத்தண்ணி கூடக் குடுக்கேல்லையோ என்று.

அடுத்த முறை குடுக்கலாம் என்றேன்.