இரு பக்கத்திலும்

அன்பு மகள் பமீலாவுக்கு அப்பா ஆசீருடன் எழுதுவது. ஆண்டவர் தயவில் நீயும் மாப்பிள்ளையும் பெர்த்தில் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

போன வாரம் அம்மாவை சிரம்பானில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இடது கண் மங்குகிறது என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் இரண்டு கண்ணிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு கெட்டுவிட்டது, பைலேட்டரலி என்று ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, இது மட்டும் புரிந்து தொலைத்தது. சின்ன வயதில் சுவா தோட்டத்துக் கோயிலில் பூசைக்கு உதவியபோது பிரெஞ்சுச் சாமியார் எங்களுக்கு லத்தீன் சொல்லிக் கொடுத்தார். லாட்டுஸ் என்றால் பக்கம், விலா. பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவரின் விலாவில் ஈட்டி பாய்ந்ததை வாசிக்கும்போது வரும் சொல் அதுதான். அதிலிருந்து லாட்டெராலிஸ், பக்கத்தைச் சேர்ந்தது. அதற்கு முன்னால் இரண்டைக் குறிக்கும் பி. பின்னால் வெள்ளைக்காரன் தன் பங்குக்கு ஒரு லி ஒட்டிவிட்டான், அவ்வளவுதான். வேறு அர்த்தம் ஏதாவது கிடைக்குமா என்று வீடு வரும்வரை பிரித்துப் பிரித்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. இருக்கிற பார்வையை மருந்து கொஞ்ச நாள் பிடித்துவைக்குமாம், போனது திரும்பாதாம்.

அம்மா கேட்டபோது இடது கண்தான் என்று சொல்லிவிட்டேன். அதுவே வினையாகப் போனது. புனித அன்னம்மாள் திருவிழாவில் வெள்ளிக் கண் காணிக்கை வைக்கப்போகிறாளாம். ஜோடியாகத்தான் விற்போம் என்றார் கடைக்காரர், இவள் விடுவாளா, நல்லா இருக்கிற கண்ணுக்கும் சேத்துக் கேட்டா பேராசை லா, ஒண்ணைப் பிரிச்சிக் குடுங்க என்று மல்லுக்கு நின்று ஒற்றைக் கண்ணை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். காசை எண்ணிக் கொடுத்தது நான்தான். கடவுள் மேல் கோபம் கோபமாக வருகிறது, என் மேலும்தான்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாய். அதுவரை வேண்டாம் மகளே, இந்த மாதமே வா. வீடியோவில் உன்னைப் பார்த்து அவள் சிரிப்பதை நம்பாதே, அது உன் குரலுக்குச் சிரிப்பது. போன ஞாயிறு நீ முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாய், பிள்ளை எவ்ளோ அழகா சடை பின்னியிருக்கா பாருங்க என்றாள் என்னிடம்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. டிக்கெட் போட்டதும் எனக்கு மட்டும் போன் செய், அவளிடம் இப்போது எதுவும் சொல்லிவிடாதே.

உன் அப்பா,
பெர்னார்ட்