தாலிக்கொடிக்கு ஒரு தையல் மெஷின்

செப்டம்பர் 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். பதுளை போய் வந்தேன். தவணைக்கு மெஷின் இல்லை என்று மாடிக்கடைக்காரன் சொல்லிவிட்டான்.

எழுதினால்தான் சோறு இறங்கும்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா வீட்டம்மா மாற்றலாகிப் போகும்போது இரவல் மெஷினையும் கொண்டுபோய்விட்டார். அவருடைய சாமான், குறை சொல்ல முடியாது. ஆனால் தீபாவளி வருகிறது. மூன்று லயத்து வரிசை வீடுகளின் துணியும் என்னிடம்தான் வரும். மெஷின் இல்லையென்றால் லுணுகலை டெய்லரிடம் போகும். ஒருமுறை போனால் போனதுதான். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மறுபடி தேயிலைக் கொழுந்துக் கூடையா தூக்க முடியும்?

அதனால்தான் மாடிக்கடை முதலாளியிடம் தவணைக்குக் கேட்டேன். இரண்டு ஞாயிறும் ஒரே பதில்: “யோசிச்சுச் சொல்றேன், அடுத்த ஞாயிறு வா.” பஸ் காசு அவன் அப்பனா கொடுக்கிறான்? இன்று மூன்றாவது தடவை. யோசித்து முடித்துவிட்டான்.

“தோட்டத்து ஆளுக்குத் தவணை இல்லம்மா. நாளைக்கு நீ கப்பல் ஏறிட்டா நான் யாரத் தேடுறது?”

“நாங்க எங்கயும் போகலைங்க. இந்தியாவுக்குப் போற ஒப்பந்தத்துக்கு நாங்க பேரே குடுக்கல.”

“உன் அண்ணன் போயாச்சுல்ல?”

அண்ணன் போனான். அழுதுகொண்டே போனான். அதற்கு நான் என்ன செய்ய? கடையில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். வேலைக்கு நிற்கிற பெட்டை ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். என் கண்முன்னாலேயே எங்கள் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா சம்சாரம் ரேடியோ ஒன்றைத் தவணைக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒரு கேள்வி இல்லை. அவருக்கு ஸ்டூல், சோடா. நான் நின்றபடி. ஸ்டூல் இன்னும் இரண்டு காலி.

இனி இந்தப் புத்தகத்தில் அவன் பெயர் மு. அவ்வளவுதான். முழுசாய் எழுதி மையை வீணாக்க மாட்டேன்.

சீனி வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 12

வெயில். துணி எல்லாம் காய்ந்தது, என் மனசைத் தவிர.

சாயந்திரம் மு.வின் கடை ஆள் லயத்துக்கு வந்தான். எப்போதும் வருகிறவன்தான், சீப்பு, ரிப்பன், சோப்பு விற்க. வாசலில் பெட்டியை இறக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“முதலாளி ஒரு வழி சொன்னாருக்கா. ஒங்க தாலிக்கொடிய கடையில ஈடா வச்சிட்டு மெஷின எடுத்துக்கிட்டுப் போகலாமாம். கடைசித் தவணை கட்டுற அன்னைக்குக் கொடி ஒங்க கையில. அதுவரைக்கும் மஞ்சக் கயித்துல கட்டிக்கச் சொன்னாரு.”

“அவரே சொன்னாரா, மஞ்சக் கயிறுன்னு?”

“ஆமாக்கா. ஒங்க நல்லதுக்குத்தான்.”

என் நல்லதுக்கு! அன்றைக்கு மு. என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, கழுத்தைப் பார்த்தே பேசியிருக்கிறான். நகை நிறுக்கிற தராசுக் கண்.

ரிப்பன் ஒரு முழம் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 14

இவரிடம் சொன்னேன். பெக்டரியில் இரவு வேலை முடிந்து வந்து, முகத்தில் தேயிலைத் தூசியோடு உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை.

“தாலி எதுல தொங்குனா என்ன? கயித்துல தொங்குனா நான் ஒன் புருஷன் இல்லையா?”

“கொடி எங்க அம்மா போட்டது.”

“அப்ப வைக்காத.”

“மெஷின்?”

“அப்ப வையி.”

இவரோடு பேசி ஒரு முடிவுக்கு வந்தவர்கள் யாரும் இல்லை. படுத்தவுடன் குறட்டை.

யோசித்துப் பார்த்தேன். வைத்தால்: தீபாவளித் தையல் கையில். மெஷின் எனக்கு. தவணை கட்டிவிடுவேன், அதில் பயமில்லை. வைக்காவிட்டால்: ரோஷம் கையில். ரோஷத்தை வைத்து ஜாக்கெட் தைக்க முடியாது.

ஆனால் கொடியைக் கழற்றி அந்த மேசைமேல் வைக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். அதுதான் விடமாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 15

வைத்துவிடுவது என்று முடிவு. ராக்காயிக்கா மகள் கேட்கிறாள்: “மெஷின் வருமாக்கா, இல்லாட்டி அம்மா லுணுகலையில குடுக்கச் சொல்லுது.” பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி ராக்காயிக்காவே இப்படி என்றால் மற்றவர்கள்?

மஞ்சள் அரைத்துக் கயிற்றில் தடவிக் காய வைத்தேன். அம்மா படத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 16, ஞாயிறு

வைக்கவில்லை!

பதுளையில் இறங்கினேன். கயிறு கைப்பைக்குள். நேரே மு. கடைக்குப் போகக் கால் வரவில்லை. நூல்கண்டு வாங்குகிற சாக்கில் எதிர்க்கடை முஸ்லிம் நானாவிடம் போனேன். பொத்தான், நூல் எல்லாம் அவரிடம்தான் வாங்குகிறேன். மெஷினுக்கு மு. கடையில் கொடியை ஈடு வைக்கப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். நானா நூலைச் சுற்றாமல் நிறுத்திவிட்டார்.

“அவசரப்படாதீங்க தங்கச்சி. அவர்ட பொஞ்சாதி புள்ளைங்க எல்லாம் இந்தியாவுக்குப் போயிட்டாங்கதானே. வீட்டுச் சாமானும் போன மாசம் ரயில்ல ஏத்தினாங்க. அவரும் இந்தியாக்காரர்தானே, இங்க இருக்கிற விசா முடியப் போகுதாம். நகைய வச்சிட்டு பொறகு யார்ட்டப் போய்க் கேப்பீங்க?”

கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நானா தண்ணீர் கொடுத்தார்.

அட பாவி. கப்பல் ஏறப்போவது நீ! என் கழுத்துக் கொடியையும் கழற்றிக்கொண்டு ஏறப் பார்த்தாயே. உன் வாயில் மண் விழ.

நானா ஒன்றும் கெட்டதாகச் சொல்லவில்லை. “குடுத்துட்டுத்தான் போவாரு, இருந்தாலும்...” என்றார். இருந்தாலும்தான். எனக்கு மட்டும் அந்த இருந்தாலும் கிடையாதா? பஸ்ஸில் வரும்போது பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலி.

செப்டம்பர் 20

மழை. கூரைத் தகரம் ஒழுகுகிறது. சட்டி வைத்தேன்.

மு.வை என்ன செய்யலாம்? நாலு நாளாக இதே வேலை. (1) கடை வாசலில் நின்று மண் வாரித் தூற்றுவது. (2) கோவிலில் காசு வெட்டிப்போட்டுச் சாபம் விடுவது. (3) எல்லாருக்கும் சொல்லி வைப்பது. முதலாவது செய்தால் போலீஸ். இரண்டாவது செய்தால் சாமி எப்போது கேட்குமோ. மூன்றாவது செய்தால் வம்பு பேசுகிறாள் என்பார்கள். எதுவும் போதாது. எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கையால் தைத்த கவுன் ஒன்று முடிந்தது. கோணல்.

செப்டம்பர் 30, ஞாயிறு

இன்று இரண்டு பக்கமாவது எழுதுவேன். சந்தோஷத்தில்!

முதலில் நேற்று நடந்தது. ராக்காயிக்கா வந்தது. “மரகதம், கடைசி மாசச் சீட்டுக் காசக் குடு.” தீபாவளிச் சீட்டு. மாசா மாசம் சம்பளத்தன்று மூன்று லயத்துப் பெண்களிடமும் அக்கா காசு சேர்த்து மாடிக்கடையில் கட்டும். தீபாவளிக்கு முதல் வாரம் அதற்குத் துணி. அம்மா காலத்திலிருந்தே இப்படித்தான். முதலாளி நமக்குச் செய்கிற உபகாரம் என்று பேச்சு. வருஷம் தவறாமல் சாமிப் படம் போட்ட காலண்டர் கொடுப்பான், எல்லாக் காம்பராவிலும் தொங்கும்.

காசை எடுத்து அக்கா கையில் வைத்தேன். வைத்த கையை எடுக்கவில்லை.

“அக்கா, இந்தக் காசுக்கு அவன் நமக்கு என்ன ஈடு வச்சிருக்கான்?”

“ஈடா? மொதலாளியா? என்னாடி பேசுற?”

“வருஷம் பூரா நாமதானே அவனுக்குக் கடன் குடுக்குறோம்.”

பிறகு நானா சொன்னதைச் சொன்னேன். அக்கா எழுந்து நின்று கொண்டையை முடிந்தது. அக்கா கொண்டையை முடிந்தால் கங்காணியே காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் ஒதுங்கி நிற்பார்.

இன்று காலை பஸ் முழுக்க நாங்கள்தான். கடைக்குள் நுழைந்ததும் மு.வுக்கு வாயெல்லாம் பல். “வாங்க வாங்க, என்ன கூட்டமா?”

“சீட்டுத் துணிய இன்னைக்கே குடுங்க மொதலாளி” என்றது அக்கா.

“தீவாளிக்குத்தானே பேச்சு? கொழும்புலருந்து சரக்கு வரலையே.”

“அப்ப எங்க காசுக்கு ஒரு ஈடு வைங்க” என்றேன் நான்.

“ஈடா? நானா?”

“நாளைக்கு நீங்க கப்பல் ஏறிட்டா நாங்க யாரத் தேடுறது?”

அந்த முகம்! நான் சாகும்வரை இது போதும். முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். எதிரே நானா வெளியே வந்து நின்றார்.

“என்னம்மா இது, எத்தனை வருஷமா கடை வச்சிருக்கேன்...”

“நாங்க இந்த மலையிலதாங்க பொறந்தோம். எங்கிட்ட ஈடு கேட்டீங்கல்ல?”

அக்கா அவன் மோதிரத்தையே பார்த்தது. எனக்கு, உங்க வீட்டம்மா தாலிக்கொடியை வையுங்கள், மஞ்சள் கயிற்றில் கட்டிக்கொள்ளட்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்த அம்மா எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. விழுங்கிவிட்டேன்.

“அந்தக் கால் மெஷின். துணி வர்ற வரைக்கும் எங்க லயத்துல இருக்கட்டும். துணியக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க.”

முறைத்தான். கூட்டத்தைப் பார்த்தான். தீபாவளி வியாபாரம், எதிரே நானா கடையிலும் துணி இருக்கிறது. “தூக்கிக்கிட்டுப் போங்க” என்றான், ஏதோ எச்சிலைத் துப்புவது போல.

தூக்கினோம். மேல் பாகம் அக்கா தலையில், இரும்புக் கால் நாலு பேர் கையில். கடைவீதி முழுக்க வேடிக்கை. கண்டக்டர் மெஷினுக்கும் டிக்கெட் கேட்டான். எடுத்தோம். அதற்கும் ஒரு சீட்டாவது கிடைக்கட்டும் என்று அக்கா சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

அக்டோபர் 4

எழுத நேரமில்லை. ஜாக்கெட், ஜாக்கெட், கவுன், ஜாக்கெட். மெஷின் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. இவர் பெக்டரியிலிருந்து எண்ணெய் கொஞ்சம் கொண்டுவந்து ஊற்றினார். எப்படிக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை.

லுணுகலைக்குப் போன துணிகூட மூன்று திரும்பி வந்துவிட்டது.

அக்டோபர் 9

மழை, மழை. காலுக்கு வலி இல்லை, மெஷின் மிதிப்பது முழங்காலுக்கு நல்லதுபோல.

ஒரே ஒரு வருத்தம். துணி வந்தால் இது போய்விடும். ராத்திரி அதன்மேல் என் பழைய சேலையைப் போர்த்திவிட்டுப் படுக்கிறேன். அவன் சாமானுக்கு நான் எதற்குப் போர்த்த வேண்டும்? ஆனாலும் போர்த்துகிறேன்.

அக்டோபர் 14, ஞாயிறு

விடாத மழை. மு. வந்தான். அவனே!

லொறி தோட்டத்து ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து புல் மண்டி, மழைக்கு அட்டை மொய்க்கிற குறுக்குப்பாதையில் ஏறி வந்திருக்கிறான், வெள்ளை வேட்டியும் செருப்புமாக. கடை ஆட்கள் தலையில் துணி மூட்டை. மாடிக்கடை முதலாளி லயத்து வாசலில் நின்று யாரும் பார்த்ததில்லை.

நான் ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. கை முடிந்தது, கழுத்தும் தைத்தேன், பொத்தான் கட்டினேன். நின்றான். உள்ளே ஸ்டூல் இருந்தது. என் வீட்டு ஸ்டூல்.

ராக்காயிக்கா துணியை எண்ணி வாங்கி, பெயர் பெயராகக் கொடுத்தது. குறையில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

“அப்ப மெஷின எடுத்துக்கிட்டுப் போங்க” என்றேன். ஊசியிலிருந்து நூலைக் கழற்றினேன்.

அவன் மெஷினைப் பார்க்கவில்லை. “எனக்கு விசா முடியுது. தைக்குள்ள கடைய ஏறக் கட்டணும். அத எடுத்துக்கிட்டுப் போய் நான் என்ன பண்ண? நீயே வச்சுக்கம்மா. மாசா மாசம் முடிஞ்சதக் குடு, தையோட கணக்கத் தீத்துக்கலாம்.”

“ஈடு?”

“ஒண்ணும் வேணாம்.”

குரல் இறங்கியிருந்தது. கப்பல் ஏறப் போன அன்றைக்கு அண்ணன் குரலும் இப்படித்தான். ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. மஞ்சள் கயிறு இன்னும் மெஷின் இழுப்பறையில்தான் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் பாவம் போய்விட்டது.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். “அடுத்த ஞாயிறு வாங்க.”

அக்கா புடவை முந்தியைக் கடித்துக்கொண்டது. அவனுக்குப் புரிந்தது. நன்றாகப் புரிந்தது. தலையை மட்டும் ஆட்டினான்.

இறங்கிப் போகும்போது பார்த்தேன். கெண்டைக்காலில் இரண்டு அட்டை, குடித்துப் பருத்து. வேட்டிக் கரையெல்லாம் ரத்தம். அவனுக்கு இன்னும் தெரியவில்லை. அட்டையை உதிர்க்கிற உப்பு டப்பா என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

மெஷினை எடுத்துக்கொள்வேன், அதில் மாற்றமில்லை. அடுத்த ஞாயிறும் மழை பெய்ய வேண்டும்.