டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னது

உங்கள் துண்டில் இன்றும் உப்புப் பூத்திருக்கிறது. மண்டியில் தராசு பிடித்துவிட்டு வந்ததும் கொடியில் வீசுவீர்களே, அந்தக் காவித் துண்டுதான். அப்போது அது உங்கள் வியர்வை. இப்போது உங்கள் மகளுடையது. இருமும்போது வாயைப் பொத்திக்கொள்ள என்று எடுத்தவள், பிறகு தோளை விட்டு இறக்கவே இல்லை. இன்று காலை பெரியாஸ்பத்திரிக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். வீடு திரும்பியதும் துவைக்கலாமென்று வாங்கினேன். ஓரமெல்லாம் வெள்ளைக் கோடுகள். துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். நீங்கள் இருந்தவரை சொல்லக்கூடாது என்று இருந்தேன். இனி சொன்னால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

நம் மகள் மாதி பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பசிக்குப் பசி பால் குடிப்பாள், உடம்பில் ஒட்டாது. நடக்கத் தொடங்கும் முன்பே இருமத் தொடங்கிவிட்டாள். முத்தம் கொடுத்தால் உதட்டில் கரிக்கும். "என் கண்ணு கடல்ல பொறந்தது" என்று நீங்கள் சிரிப்பீர்கள். கடலைக் கண்ணால் பார்த்தவர் மாதிரி பேச்சு. ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்ததே உங்களுக்கு அயல்தேசப் பயணம்.

மண்டி மொஹல்லாவில் நம் சந்துக்காரர்கள் க்ஷயம் என்று முடிவு கட்டினார்கள். குழாயடியில் நான் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடங்களைச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். நான் சண்டைக்குப் போனேன். நீங்கள் போகவில்லை. மகளைத் தோளில் தூக்கி உட்காரவைத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று கடைத்தெரு நடுவில் நடந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள். நான் பின்னால் ஓடி வந்தேன். டாக்டர் கபத்தைச் சோதித்துவிட்டு க்ஷயம் இல்லை என்றார். டாக்டர் சொன்னதாக நீங்கள் என்னிடம் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நீங்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான் ஆரம்பித்தீர்கள். சொன்னால் பொருந்தவாவது சொல்லத் தெரியுமா என்றால் அதுவும் தெரியாது. பொய் வரும்போதெல்லாம் துண்டை எடுத்து ஓர் உதறு உதறி மறுபடி தோளில் போடுவீர்கள். மண்டித் தராசில் மகளை உட்காரவைத்து நிறுத்துவிட்டு வந்து, "போன மாசத்துக்கு ஏறியிருக்கறா அம்மிணி" என்பீர்கள். துண்டு உதறப்படும். இடுப்பில் தூக்கிச் சுமக்கிற எனக்கா தெரியாது?

அந்தப் பத்தியச் சங்கதி நினைவிருக்கிறதா? மகள் மேலெல்லாம் உப்புப் பூக்கிறது என்று கேட்ட நாட்டு வைத்தியர், உடம்பில் உப்பு மிஞ்சிக் கிடக்கிறது, ஒரு மண்டலம் உப்பில்லாப் பத்தியம் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மிஞ்சினதைக் குறைப்பதுதானே மருந்து. சித்திரை வெயில் வேறு. உப்பில்லாக் கஞ்சியைப் பார்த்ததுமே பிள்ளை வாயை இறுக்கிக்கொள்ளும். சில நாட்களில் துவண்டு பாயோடு பாயாகக் கிடந்தாள். கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறப்பாள்.

அன்று மத்தியானம் ஊட்டுகிற முறை உங்களுடையது. நான் வந்து பார்த்தபோது கிண்ணம் காலி. எனக்கு ஆச்சரியம்.

"உப்பில்லாமயா தின்னா?" என்றேன்.

"துளி உப்பில்லாமத்தான் ஊட்டுனேன் அம்மிணி." துண்டு உதறப்பட்டது.

பிள்ளையின் உதட்டோரம் மிளகாய்ச் சிவப்பு. உங்கள் விரலில் மாங்காய் ஊறுகாய் வாசனை. ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணிகூட அவிழ்ந்தபடியே கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கத்தினேன். "அழுதாடி" என்றீர்கள்.

சாயங்காலம் அவள் எழுந்து உட்கார்ந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். பத்தியத்தை முறித்தால் நோய் ஏறும் என்றுதான் கேட்டிருந்தேன், தேறும் என்று யாரும் சொன்னதில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நானே மோரில் உப்புப் போட்டுக் கரைத்தேன். நீங்கள் பார்த்தும் பாராததுபோல் முகட்டு ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். ஏன் தேறினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெயில் நாளில் அவளுக்கு உப்பு வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

அதன்பின் ஆஸ்பத்திரிதான் நமக்குக் கோயில் மாதிரி ஆயிற்று. போவோம், பெஞ்சில் காத்திருப்போம், திரும்புவோம். தமிழ் பேசுகிற நர்ஸம்மா ஒருவர் அங்கே இருந்தாரே, பிள்ளையை உங்கள் மடியில் குப்புறப் படுக்கவைத்து, தலையைத் தாழ்த்தி, முதுகில் தட்டக் கற்றுக்கொடுத்தார். "உள்ளங்கையைக் குழிச்சுக்கோங்க. அடிக்கக் கூடாது. கீழேர்ந்து மேல தட்டிட்டே வந்தா சளி தானா நகரும்." மூட்டை தூக்கிக் காய்த்த கை, பிள்ளையின் முதுகில் அத்தனை மெல்ல விழுந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. தினமும் விடிந்ததும் தட்டினீர்கள். சந்தில் போகிறவர்களுக்கு அந்தச் சத்தம்தான் நம் வீட்டு அடையாளம்.

டாக்டர் கன்னடத்தில் சொல்வார், நீங்கள் எனக்குத் தமிழில் சொல்வீர்கள். எனக்குக் கன்னடம் வராது என்பது உங்கள் தீர்மானம். வந்த புதிதில் மார்க்கெட்டில் நான் கத்தரிக்காய் விலை கேட்டதைப் பார்த்து, "உன் கன்னடத்தக் கேட்டா தசரா ஆனையே திரும்பிப் பாக்கும்" என்று சிரித்தீர்கள். அன்றோடு மூடினேன். வாயை மட்டும்தான் மூடினேன், காதை மூடவில்லை. நீங்கள் மண்டிக்குப் போன பிறகு அந்தச் சந்து முழுக்கக் கன்னடம்தான். எத்தனை நாள்தான் ஒருத்திக்குக் காது கேட்காமல் இருக்கும்?

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் மாதியின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உங்களிடம் மெதுவாகப் பேசினார். நல்ல மனிதர், குரல் தழைந்துதான் வந்தது. நோய்க்குப் பெயர் தனக்குத் தெரியவில்லை என்றார். "ஈ மகு பஹள தின உளியோதில்ல" என்றார்.

நம் பால்காரம்மாவின் கன்று நோயில் கிடந்தபோது, அவள் நம் வாசலில் உட்கார்ந்து இதே வார்த்தையைச் சொல்லித்தான் அழுதிருந்தாள். உளியோதில்ல, பிழைக்காது. இந்தப் பிள்ளை ரொம்ப நாள் பிழைக்காது.

"ஏனுங்க, என்னுங்க சொன்னாரு?" என்று கேட்டேன். கேட்கத்தானே வேண்டும்.

நீங்கள் துண்டை உதறினீர்கள். தோளில் போட்டீர்கள். அது நழுவியது. மறுபடி போட்டீர்கள். "நெஞ்சுச் சளிதானாமா. வளர வளரச் சரியாப் போயிருமாமா. பாலு நெறையாக் குடுக்கச் சொல்றாரு."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வேண்டாமென்று தலையை அசைத்தேன். அவருக்குப் புரிந்தது. பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "அப்படியா, அப்பச் சரி" என்றேன்.

இதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்தது. எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் டாக்டர் சொன்னதும் தெரியும், அவர் சொன்னதாக நீங்கள் சொன்னதும் தெரியும். ஏன் காட்டிக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். என்னிடம் தைரியம் சொல்லிச் சொல்லித்தான் உங்களுக்குத் தைரியம் வந்தது. என் 'அப்பச் சரி'யைக் கேட்டுவிட்டு வீடுவரை மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு நடப்பீர்கள். எனக்குத் தெரியும் என்று தெரிந்திருந்தால், அந்த மழையில் இரண்டு பேரும் நடுத்தெருவில் உட்கார்ந்திருப்போம். பிள்ளையை யார் வீட்டுக்குத் தூக்கி வருவது?

டாக்டர் சொன்ன கெடு எப்போதோ தாண்டிவிட்டது. ஒவ்வொரு மார்கழியும் அவள் தாண்டுவாளா என்று எமனை வாசலிலேயே நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தோம். போன ஆடியில் உங்களுக்கு ஒரு காய்ச்சல், அவன் உங்களைப் பார்த்துவிட்டான். எனக்கு உங்கள்மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. முதுகு தட்ட இப்போது நான்தான். "அப்பா தட்டறாப்ல இல்லம்மா" என்று தினமும் சொல்கிறாள். தட்டு வாங்குகிறவளுக்கு வாய் குறையவில்லை.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்தப் பழைய நர்ஸம்மா இல்லை, வேறு ஊருக்குப் போய்விட்டாராம். டாக்டரும் புதியவர். மாதியின் நெஞ்சைச் சோதித்துவிட்டு, அவள் தலைக்கு மேலாகப் புது நர்ஸிடம் சொன்னார்: "எதெ பஹள கெட்டிதெ." நெஞ்சு ரொம்பக் கெட்டுவிட்டது. குளிர்காலத்துக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். உங்கள் மகள் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்து கேட்டேன். "என்ன கண்ணு சொன்னாரு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தோளிலிருந்து உங்கள் துண்டை எடுத்தாள். ஓர் உதறு உதறினாள். மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள்.

"முன்னைக்கு இப்பத் தேவலையாம்மா. மழ வந்தா இன்னும் கொறஞ்சிருமாம். பாலு நெறையாக் குடிக்கச் சொன்னாரு." இருமிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "மாங்கா ஊறுகாயும் தின்னலாமாம்."

அவள் தோளில் கோணலாக விழுந்த துண்டைச் சரிசெய்தேன். துக்கத்துக்குள்ளேயே ஒரு பெருமையும் வந்தது, உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும். பொருந்தச் சொல்லத் தெரியாதது அப்படியே உங்கள் வழி. இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். யாருக்குத் தெரியாது என்று யார் நினைத்திருந்தார்களோ.

"அப்படியா, அப்பச் சரி" என்றேன்.

உங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. நல்லவேளையாக அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அவள் எழுந்து முன்னால் நடந்தாள், என்னைவிடத் தைரியமாக. வரும் வழியில் மார்க்கெட்டில் நின்று, நானே கன்னடத்தில் விலை பேசி, ஒரு கூடை மாங்காய் வாங்கினேன். மகள் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ. கூடையின் ஒரு பிடியை அவள் பிடித்துக்கொண்டாள்.

இப்போது தூங்குகிறாள். துண்டு காய்கிறது. நான் மாங்காய் நறுக்க உட்கார்ந்திருக்கிறேன். உப்புக் கொஞ்சம் தூக்கலாகவே போடப்போகிறேன். டாக்டர் சொன்னதாயிற்றே.